வாளியில் கிடந்த நாலு காய்

என் மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ பயந்துவிடாதே. போனில் சொல்ல முடியாத விஷயம், அவ்வளவுதான். என் குரல் கொஞ்சம் இறங்கினாலே நீ அங்கே அழ ஆரம்பித்துவிடுகிறாய், நீ அழுதால் பாப்பா அழுகிறாள், நான் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். காகிதம் என்றால் பேசாமல் கேட்டுக்கொள்ளும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதற்கப்புறம் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து நோட்டில் விரிப்பு இத்தனை, தலையணை உறை இத்தனை என்றுதான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் நீயே கூட்டிப் படித்துக்கொள். மூன்று நாளாக எழுதுகிறேன், ஒரே நாளில் எழுதி முடிக்க மனதில் தெம்பு இல்லை.

ஒவ்வொரு தடவையும் நீ போனில், அப்பாவும் நீயும் பேசிக்கொள்கிறீர்களா அம்மா என்று கேட்பாய், நானும் பேசாமல் என்ன, பேசுகிறோம் என்பேன். அது பொய் கண்ணு. உன் தம்பி போன அன்றைக்கு நின்ற பேச்சு. நீ வந்து பன்னிரண்டு நாள் இருந்தபோது நாங்கள் துக்கத்தில் வாய் அடைத்துக் கிடக்கிறோம் என்று நினைத்தாய், அதுவும்தான், ஆனால் அதற்கு மேல் ஒன்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி விடியற்காலையில் ரொட்டிக்கடை வேலைக்கு சைக்கிளில் போனான், திருப்பத்தில் லாரி வந்தது, இதெல்லாம் உனக்குத் தெரியும். அவனை ஆஸ்பத்திரியில் துணி போட்டு மூடியபோது, அந்தத் துணி நானே முந்தின நாள் மடித்து அனுப்பியதோ என்னவோ, அப்பா வந்து என் தோளைத் தொட்டார். நான் திரும்பி, நீங்க பாத்த பிரேக்குதானே என்று கேட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அவன் சைக்கிளைக் கழற்றிப் பூட்டி இவர் பிரேக் மாட்டிக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான் நான் சொன்னது. நாலு வார்த்தை கூட இல்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார், அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. முதலில் கோபத்தில் பேசவில்லை, பிறகு வெட்கத்தில் பேசவில்லை, அதற்கும் பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடிப்போனால் தட்டில் ஒரு வாய் மிச்சம் வைப்பார், அதுதான் எங்கள் பேச்சு. சைக்கிள் கடையிலும் அவர் பிரேக் வேலையை விட்டுவிட்டார். பஞ்சர் ஒட்டுவார், செயின் போடுவார், கம்பி நிமிர்த்துவார். பிரேக் என்று யாராவது வந்தால் அடுத்த தெரு ஆளிடம் போகச் சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வருஷம் இந்தத் தொழில் செய்த மனுஷன்.

நான் நாலு மாதம் வேலைக்குப் போகவில்லை என்று உனக்குத் தெரியும், எப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. பின் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன், அப்படியே கிடந்தேன். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் இருக்கிறது என்று கேள், சொல்கிறேன். சமைத்தது, துவைத்தது, பெருக்கியது எல்லாம் அப்பாதான். கிரீஸ் பிடித்த கையால் என் தலையணை உறையைத் துவைத்துக் காயப்போடுவார். காலையில் கடைக்குப் போகுமுன் அறைக்குள் வருவார், என் தலைமாட்டில் எதையோ வைப்பார், கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். டாக்டர் கொடுத்த மாத்திரையை வைக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு சும்மா கையை நீட்டித் தடவினால் மாத்திரைப் பட்டை கையில் படும், அதோடு சரி.

பிறகு சலவைக்கூடத்து மேற்பார்வை அம்மா ஆள் அனுப்பினார், இன்னும் எத்தனை நாளைக்கு உன் இடத்தைப் பிடித்து வைப்பது என்று. போனேன். கொதிக்கிற தண்ணீரும் சோடா வாசமும் ஒரு விதத்தில் நல்லதுதான், அங்கே நின்றால் வேறு எதுவும் நினைவுக்கு வராது. நடந்தே போய் நடந்தே வந்தேன், என் சைக்கிள் சுவரோரம் சாத்தியபடி நின்றது. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு விடுமுறை நாளில் பின்கதவைத் திறந்தேன். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் மிளகாயும் கீரையும் போடுவேனே அந்தப் பாத்தி, அது காடாகக் கிடக்கும் என்று நினைத்துப் போனால், மண் கொத்தி, களை எடுத்து, சுற்றிலும் செங்கல் சாய்த்து வைத்து, வரிசையாகப் பூச்செடி. முழங்கால் உயரம். பூ எல்லாம் முடிந்து செடி காய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு தண்டையும் பழைய டியூபை ரிப்பன் மாதிரி வெட்டிக் குச்சியோடு கட்டியிருந்தார், அந்தக் கட்டைப் பார்த்ததுமே யார் வேலை என்று தெரிந்துவிட்டது. நுனியில் காய்கள். அந்த மாதிரிக் காயை நான் பார்த்ததே இல்லை. நெல்லிக்காய் அளவில் காகிதத்தில் செய்த பலூன் மாதிரி உப்பி, மேலிருந்து கீழே செம்பழுப்புக் கோடு ஓடி, தலையில் ஐந்து கொம்பு. காயைச் சுற்றி நூல் நூலாக ஏதோ காய்ந்து சிக்கிக் கிடந்தது. ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்றது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. பெற்ற பிள்ளை மண்ணுக்குள் போயிருக்கிறான், நான் சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன், இந்த மனுஷன் பின்னால் பூந்தோட்டம் போட்டிருக்கிறார் என்று தோன்றியது. குனிந்தேன், ஒரு செடி விடாமல் வேரோடு பிடுங்கினேன். வாளியில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் கொட்டினேன். குப்பை வண்டிக்காரர், என்னம்மா தோட்டத்தையே குடுத்தனுப்புறீங்க, வீட்டையும் தூக்கி வைங்க கொண்டுபோறேன் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாயங்காலம் அப்பா வந்து பின்கதவில் நின்றார். வெறும் பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இறங்கிப்போய் மண்ணில் சிந்திக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து கை கழுவினார். அவர் திட்டியிருந்தால் நான் ஜெயித்த மாதிரி இருந்திருக்கும்.

நாலைந்து நாள் போயிருக்கும். அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது நான் படுத்துக் கிடந்த காலத்துத் தலையணை உறைகளை எடுத்தேன். அப்பா துவைத்து மடித்து வைத்தது, அவருக்கு மடிக்கத் தெரியாது, ரொட்டி சுற்றிய காகிதம் மாதிரி மடித்திருந்தார். விரித்துப் பார்த்தால் கறை. ஒன்றில் இல்லை கண்ணு, ஐந்து உறையிலும். எல்லாவற்றிலும் ஒரே மூலையில், வலது பக்கம் மேலே. வெளிறிய நீலம், ஓரத்தில் கொஞ்சம் ஊதா. பதினேழு வருஷமாக ஆஸ்பத்திரித் துணியில் கறை பார்க்கிறவள் நான். இரத்தம் எது, மருந்து எது, டீ எது, அழுத கண்மை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இது பூக் கறை. ஈரமான பூவைத் துணியில் வைத்து அது வாடி நசுங்கினால் வருகிற கறை. சோப்புப் போட்டுத் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் ஊறவைத்திருந்தால் போயிருக்கும், அப்பாவுக்கு அது எங்கே தெரியும், வெந்நீரில் போட்டுக் கறையை அப்படியே நிற்க வைத்துவிட்டார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தலைமாட்டில் வைத்தது மாத்திரை மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. தினம் காலையில் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு வந்து என் தலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், நான் திரும்பவே இல்லை, சாயங்காலம் அவரே வாடியதை எடுத்துப் போட்டிருக்கிறார். எத்தனை நாளோ. அந்தப் பூ எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. வேர் வரைக்கும் பிடுங்கி எறிந்தாகிவிட்டது. ஓடிப்போய் வாளியைப் பார்த்தேன், அடியில் மண்ணோடு ஒட்டி நாலு காய் கிடந்தது.

அந்த நாலு காயையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் கேட்டேன், இது என்ன பூ, இது என்ன பூ என்று. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷனைக் கேட்க வாய் வரவில்லை, ஊரைக் கேட்டேன் பார். பின்பக்க மாடித் தையல்காரம்மா வீட்டு ஜன்னலில் இருந்து நம் பாத்தி நன்றாகத் தெரியும். அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, நீலம்க்கா, பாவாடைக்கு லைனிங் வைக்கிற நீலம் இருக்கே, அதே என்றாள். கீழ்வீட்டில் இருக்கிற பழைய பஸ் கண்டக்டர், நீலமாவது, சுத்த வெள்ளை, நான் தெனம் காலையில பல்லு விளக்கும்போது பாத்தேன் என்றார். இவள் விடுவாளா, நீங்க கண்டக்டரா இருந்தப்பவே பஸ் நம்பரைத் தடவிப் பாத்துத்தான் ஏறுவீங்கன்னு சொல்லுவாங்க என்றாள். அவர், நீ தச்ச சட்டையில ரெண்டு கையும் ஒரே பக்கம் இருந்துச்சே, அதையும் சொல்லு என்றார். இரண்டு பேரும் இப்படி நிற்கும்போது தையல்காரம்மா என்னைப் பார்த்து, ஏன்க்கா, உங்க வீட்டுக்காரரைக் கேட்டா சொல்லிட்டுப் போறாரு, அவரு வாயில என்ன பஞ்சரா என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது, நான்தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு, பூ எந்தக் கலரா இருந்தா என்னம்மா, நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் ஒரு காயை உடைத்தார், உள்ளே கறுப்பாக மணி மணியாக விதை கொட்டியது. இதுக்கா இவ்வளவு நாள் அலைஞ்சீங்க, கருஞ்சீரகம்மா இது, சந்தேகம்னா ரொட்டிக்கடையில போய்க் காட்டுங்க, மூட்டை மூட்டையா வாங்கி ரொட்டி மேல தூவுறவங்க அவங்கதானே என்றார். அவருக்குத் தெரியாது. ஆறு மாதமாக நான் அந்தத் தெருவழியாகப் போவதில்லை, சலவைக்கூடத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் போவேன், அந்தப் பக்கம் காற்றடித்தால் ரொட்டி வாசம் வரும். தம்பியின் சட்டை வாசம் அது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்து போனேன். நீ இருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பேன்.

ரொட்டி மாஸ்டர் என்னைப் பார்த்ததும் மாவுக் கையோடு வந்து நின்றார். தம்பிக்கு வேலை கற்றுக்கொடுத்த மனுஷன், உனக்கு நினைவிருக்கும், காரியத்துக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாரே அவர்தான். டப்பாவை நீட்டினேன். ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைத்து இரண்டு விதையைக் கட்டைவிரலில் நசுக்கி மோந்தார், என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். இது அது இல்லைம்மா, கருஞ்சீரகம்னா மூக்குல ஏறும், இது பாருங்க பழ வாசம் அடிக்குது என்றார். அவருடைய வீட்டார் கருஞ்சீரகம் பயிர் செய்கிறவர்களாம். அந்தக் காய் இப்படி வழவழவென்று பலூன் மாதிரி இருக்காதாம், சொரசொரப்பாக இருக்கும், உள்ளே இருக்கிற அறை வெளியிலேயே தெரியுமாம். பூவைச் சுற்றி இப்படி நூல் நூலாகப் பின்னிக்கொள்ளவும் செய்யாதாம். இது அதுக்குப் பங்காளிம்மா, சாயல் ஒண்ணு குணம் வேற, இதை அழகுக்கு வளப்பாங்க, தின்னுறதுக்கு இல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். காயை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். இது உங்க வீட்டுப் பாத்தியில வந்ததா, வரிசையாவா வந்துச்சு என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடப்பாவி என்று சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடப்பாவிப் பயலே, ஏமாந்துட்டியேடா என்றார். அப்புறம்தான் சொன்னார். தம்பி விதைக்கடையில் கருஞ்சீரகம் என்று கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறான். வருகிற வருஷம் தனியாக ஒரு சின்ன அடுப்பு போடப்போகிறேன், என் ரொட்டி மேல் என் வீட்டு விதைதான் தூவுவேன், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாஸ்டர், முளைச்சு வந்தப்புறம் காட்டுறேன் என்று சொல்லியிருக்கிறான். விதைக்கடையில் எந்த டப்பாவில் இருந்து அள்ளிக் கொடுத்தார்களோ, அவனும் மோந்து பார்க்காமல் போட்டிருக்கிறான். நான் கத்துக்குடுத்த பையன், ஒரு விதையை நசுக்கிப் பாக்க மாட்டானா என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். எப்போது போட்டான் என்று கேட்டேன். அடுப்பு விரிசல் விட்டு ரெண்டு நாள் லீவு விட்டோமே, அப்போ என்றார். எனக்கு அந்த நாள் நன்றாக நினைவு இருக்கிறது. அன்றைக்கு அவன் நகத்தில் மண் இருந்தது. மாவு பிசையுற கையாடா இது, இந்தக் கையால செஞ்ச ரொட்டியை எவன் தின்னுவான் என்று திட்டினேன். அவன் இளித்துக்கொண்டே நின்றான். அதற்கு மூன்றாவது வாரம் அவன் இல்லை. நான் அங்கே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஏமாந்ததை நினைத்தால் சிரிப்பு வந்தது, சிரித்தேன், ஆறு மாதத்தில் முதல் தடவை. நான் பண்ணிய காரியம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. என் பிள்ளை கடைசியாக மண்ணில் வைத்ததை நான் என் கையால் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

இனி சொல்லாமல் இருக்க முடியாது. நேராக அப்பா கடைக்குப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே ஒரு சக்கரத்தைச் சுழல விட்டுக் கம்பி பார்த்துக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்தே நான்தான் என்று தெரிந்திருக்கும், நிமிரவில்லை. மிச்சம் இருந்த இரண்டு காயை அவர் ஸ்பானர் பக்கத்தில் வைத்தேன். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். இது சின்னவன் போட்டதுங்க என்று மட்டும் வந்தது. சக்கரம் தானாகச் சுற்றி நிற்கிற வரைக்கும் அவர் அதையே பார்த்தார். பிறகு, நீ போட்டதுன்னு நெனச்சேன் என்றார். அவ்வளவு மெதுவாக. அது உன் பாத்தியாச்சே, நீ படுத்தப்புறம் வரிசையா முளைச்சு வந்துச்சு, நீ எப்பவோ போட்டிருப்பேன்னு நெனச்சேன், நீ எந்திரிச்சு வரும்போது காஞ்சு கெடக்கக் கூடாதுன்னு தண்ணி ஊத்தினேன் என்றார். அந்தப் பூவையெல்லாம் என் பூ என்று நினைத்துத்தான் எனக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் பிடுங்கியதையும், என்னமோ அவ போட்டா அவ எடுத்தா என்று விட்டுவிட்டாராம். பேரிங் குண்டு போட்டு வைக்கிற டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். அன்றைக்குப் பொறுக்கிய காய்களை உடைத்து விதையைச் சேர்த்து வைத்திருந்தார், கறுப்பாக, குண்டு மாதிரியேதான் இருந்தது. நான் அழுதுகொண்டே அந்த வார்த்தையைச் சொன்னேன், நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க என்று. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும். பிரேக் புடிச்சுத்தான் இருந்துச்சு, நான் மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அந்த சைக்கிளைப் பாத்துட்டேன், ரெண்டு ரப்பர் கட்டையும் சக்கரத்தைக் கவ்வியபடியே வளைஞ்சு கெடந்துச்சு, புள்ள புடிச்சிருக்கான், லாரிதான் நிக்கல என்றார். இதை ஏன் அப்பவே சொல்லலை, ஆறு மாசமா ஏன் சொல்லலை என்று கேட்டேன். சொல்லியிருந்தா நீ யாரைத் திட்டுவே என்றார்.

இதைப் படித்துவிட்டு நீ அங்கே என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், அழாதே. அப்பாவுக்கு நான் பட்ட கடனை வாயால் தீர்க்க முடியாது என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலையில் சுவரோரம் நின்ற என் சைக்கிளைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். முன் பிரேக் சுத்தமாப் புடிக்கல, பாத்துக் குடுங்க, நாளையில இருந்து இதுலதான் வேலைக்குப் போறேன் என்றேன். அவர் சைக்கிளைப் பார்த்தார். அடுத்த தெருவில் கொடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய கட்டையைக் கழற்ற வழக்கமாக அவருக்கு ஒரு நிமிஷம், அன்றைக்கு ரொம்ப நேரம் ஆனது, ஸ்பானர் இரண்டு தடவை கீழே விழுந்தது. நான் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். சும்மா இருக்க முடியாமல், அந்தப் பூ எப்படித்தான் இருந்துச்சு, ஒருத்தி நீலங்கிறா ஒருத்தர் வெள்ளைங்கிறார் என்று கேட்டேன். ரெண்டு பேரும் சரிதான், விரியும்போது வெள்ளை, ரெண்டாம் நாள் நீலமாயிடும் என்றார். பிறகு கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு என் சைக்கிள் சக்கரத்தைக் காட்டினார். இப்படித்தான் இருக்கும், நடுவுல ஹப் மாதிரி ஒரு குமிழ், அதைச் சுத்தி இதழு, அதையும் சுத்திப் பச்சையா கம்பி கம்பியா, சின்னப் புள்ளைக்குச் செஞ்ச சக்கரம் மாதிரி என்றார். உன் அப்பா தொடர்ந்து அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பூவை நான் பார்க்கவில்லை, ஆனால் இப்போது ரோட்டில் எந்தச் சக்கரம் போனாலும் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். பிரேக் போட்டு முடித்துத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தார், பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். நான் ஏறித் தெருமுனை வரைக்கும் போனேன். முனையில் பிடித்தேன். நின்றது. திரும்பிப் பார்த்தால் அவர் கடை வாசலில் இறங்கி ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். ஒன்றும் சரியாகவில்லை. இரண்டு பேரும் பேசுகிறோம், ஆனால் பேச ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் ஒரு குரல் குறைகிறது என்று நன்றாகக் கேட்கிறது. முன்பு இரண்டு பேரும் சும்மா இருந்தோம், அதில் அவனும் எங்கேயோ சும்மா இருக்கிற மாதிரி இருந்தது. தட்டு மூன்று எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். நேற்று அப்பா அவன் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிட்டார், இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டோம். அந்தப் பாத்தியைத் திரும்பக் கொத்திவிட்டோம், விதை முந்நூறுக்கு மேல் இருக்கும், பாதியைப் போட்டோம், பாதியை அதே டப்பாவில் வைத்திருக்கிறோம், ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று. நான் சும்மா தூவிவிடலாம் என்றேன், அப்பா அவன் போட்ட அதே வரிசையில்தான் போட வேண்டும் என்று நூல் பிடித்துக் கோடு போட்டார். உனக்கும் கொஞ்சம் அனுப்பலாம் என்று தபால் ஆபீசில் கேட்டேன், விதை மண் செடி எதுவும் வைக்கக் கூடாதும்மா, வெறும் எழுத்தை மட்டும் வைங்க என்றார்கள். அதனால் வெறும் எழுத்தை மட்டும் வைக்கிறேன். பின் அறை ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை.

நீ தம்பியிடம் கடைசியாகப் போனில் சண்டை போட்டதை நினைத்துக்கொண்டு இன்னும் உருகுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அவனுக்கு அதெல்லாம் மனதில் நிற்காது கண்ணு. அந்தச் சமயத்தில் அவன் மண்ணைக் கொத்திக்கொண்டு, வரப்போகிற வருஷத்து ரொட்டியை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். இதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இத்தனை காகிதம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் கொடுக்கச் சொல். பூவைப் பற்றிக் கேள், எப்படி இருக்கும் என்று கேள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, தெரியாத மாதிரி கேள். சக்கரத்தில் இருந்து ஆரம்பிப்பார். பிரேக் பேச்சை மட்டும் எடுக்காதே, அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். பாப்பாவுக்குச் சளி என்றாயே, தலையை ஈரத்தோடு விடாதே, துவட்டிவிடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வந்ததும் படுக்காமல் ஒரு வாய் தின்றுவிட்டுப் படு. மாப்பிள்ளையிடம் கோபத்தில் ஏதாவது சொல்ல வாய் வந்தால் ஒரு நிமிஷம் பொறு. எதைச் சொன்னாலும் அன்றைக்கே பேசித் தீர்த்துவிட்டுப் படுங்கள், அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள், இது மட்டும் அம்மா பட்டுத் தெரிந்துகொண்டது. நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உங்களுக்கே சேரட்டும். வர முடிந்தால் பூக்கிற மாதத்தில் வா. என்றைக்குப் பூக்கும் என்று அப்பா கணக்குப் போட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார், என் தலைமாட்டுப் பக்கத்துச் சுவரில்.

இப்படிக்கு,
திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிற உன் அம்மா

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பா ஆசீர்வாதம் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.